ஐந்தாவது கேள்வி

வலி என்று வருகிறவர்களை அந்த டாக்டர் கேள்வி மேல் கேள்வி கேட்டுத் துளைப்பதைப் பார்த்து, வெளிநோயாளர் பிரிவில் அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் காதுபட யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. தோள், முதுகு, இடுப்பு, முட்டி என்று ஒரு நாளைக்கு நாற்பது பேர் வருகிற இடம் அது. முப்பத்தெட்டுப் பேருக்குத் தசைப்பிடிப்பு, தேய்மானம், கொஞ்சம் டிஸ்க் விலகல், அவ்வளவுதான். மாத்திரையும் பயிற்சியும் கொடுத்து அனுப்பினால் ஆறு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். மிச்சமிருக்கிற இரண்டு பேரைத் தவறவிடாமல் பிடிப்பதற்காகத்தான் இத்தனை கேள்வி.

முதுகு வலிக்கென்று அவளிடம் ஐந்து கேள்விகள் இருந்தன. எங்கேயாவது விழுந்தீர்களா, காய்ச்சல் அடிக்கிறதா, உடம்பு இளைத்திருக்கிறதா, படுத்தால் வலி குறைகிறதா கூடுகிறதா. இந்த நான்கையும் எல்லா டாக்டர்களும் கேட்பார்கள். ஐந்தாவதைப் பாதிப் பேர் மென்று விழுங்கிவிடுவார்கள். இவள் விழுங்கமாட்டாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நேராக முகத்தைப் பார்த்து, "ஒண்ணுக்குப் போறதுல ஏதாவது மாற்றம் இருக்கா? கழுவும்போது கை படறது தெரியுதா, மரத்த மாதிரி இருக்கா?" என்பாள். நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவரிடமும் கேட்டிருக்கிறாள், கல்யாணமாகி இரண்டே வாரமான பெண்ணிடமும் கேட்டிருக்கிறாள். அடிமுதுகில் டிஸ்க் பெரிதாகப் பிதுங்கி, கீழே இறங்குகிற நரம்புக் கற்றை மொத்தத்தையும் நசுக்கினால் அது முதலில் தெரிகிற இடம் அதுதான். தெரிந்த ஒன்றிரண்டு நாளுக்குள் முதுகைத் திறந்து நசுக்குகிறதை எடுத்தாக வேண்டும். விட்டால் போனது போனதுதான்.

இவ்வளவும் தெரிந்தவள் செய்த காரியத்தைத்தான் இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது மாமனார் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். நின்றுகொண்டிருந்ததுதான் அவளுக்கு உறுத்தியது. அந்த நேரத்தில் அவர் நாற்காலியில் சாய்ந்து, செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தில் குறுக்கெழுத்துக் கட்டம் நிரப்பிக்கொண்டிருப்பார். நாற்பது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்த மனிதர். எழுபத்தொரு வயதிலும் இரண்டு மாடியும் படியில்தான் ஏறுவார். "உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவன் லிஃப்ட்ல ஏறமாட்டான்" என்று அக்கம்பக்கத்தாரைப் பயமுறுத்துவதில் அவருக்கு அலாதி சந்தோஷம். மாமியார் போய் ஆறு வருஷமாகிறது. வீட்டில் அவர், அவருடைய மகன், இவள் என்று மூன்றே பேர். மகன் அந்த வாரம் வேலையாக வெளியூர் போயிருந்தான்.

"என்ன மாமா, நின்னுக்கிட்டே இருக்கீங்க?"

"உக்காந்தா பிடிக்குதும்மா. மதியம் தண்ணி கேனைத் தூக்கினேன். இடுப்புல ஒரு சொடக்கு."

"யாரு உங்களைத் தூக்கச் சொன்னது?"

"நான் தூக்காம வேற யாரு தூக்குவா, உன் புருஷனா? ரிமோட்டைத் தூக்கறதுக்கே அவன் ரெண்டு தடவை யோசிப்பான்."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவரைக் கட்டிலில் படுக்க வைத்துப் பையைத் திறந்தாள். முட்டியை மடக்காமல் இடது காலைத் தூக்கியபோது பாதி உயரம் வருவதற்குள் பல்லைக் கடித்தார். வலது காலும் அப்படியே. கால் கட்டைவிரலைத் தூக்கச் சொல்லி அமுக்கிப் பார்த்தாள்; பலம் இருந்தது. ரப்பர் சுத்தியலால் முட்டிக்குக் கீழே தட்டினாள், கால் துள்ளியது. கணுக்காலுக்குப் பின்னால் தட்டினாள். இரண்டு பக்கமும் துள்ளவில்லை. எழுபதைத் தாண்டினவர்களுக்கு அது அடங்கிப்போவது சகஜம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பஞ்சைத் திரித்துத் தொடை, ஆடுசதை, பாதம் என்று தொட்டுத் தொட்டுக் கேட்டாள். "தெரியுது, தெரியுது" என்றார்.

விழுந்தாரா, காய்ச்சலா, இளைப்பா, படுத்தால் எப்படி. நான்கையும் கேட்டாகிவிட்டது. ஐந்தாவது தொண்டை வரைக்கும் வந்து நின்றது.

பதினாறு வருஷமாக, அவள் செருப்புச் சத்தம் படியில் கேட்டதுமே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்கிற மனிதர் அவர். குளியலறைக் கதவைத் திறப்பதற்கு முன்னால் இரண்டு தடவை இருமிவிட்டுத்தான் திறப்பார். அவளும் தன் துணிகளை அவர் கண்ணில் படுகிற இடத்தில் ஒரு நாளும் உலர்த்தியதில்லை. இருவருக்கும் நடுவில் பிரியத்துக்குக் குறைவே இல்லை. அவளுக்குச் சொந்த அப்பா இருந்திருந்தால்கூட அவரிடம் இவ்வளவு வாயடித்திருக்கமாட்டாள். ஆனால் அந்தப் பிரியத்தைச் சுற்றி ஒரு வேலி இருந்தது. யார் போட்டதென்று தெரியாது. இருவரும் அதைத் தாண்டாமலே பழகிவிட்டார்கள். இப்போது அவர் போர்வையை இடுப்பு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற ஏதாவது தொந்தரவு இருக்கா, மாமா?" என்று கேட்டாள்.

அவர் போர்வை நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "வேற ஒண்ணும் இல்லம்மா."

'வேற ஏதாவது' என்பது ஒரு கேள்வியா? இப்படிக் கேட்டதற்காகத் தனக்குக் கீழே வேலை பார்த்த இளம் டாக்டர்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திட்டியவள் அவள். "அப்படிக் கேட்டா யாரா இருந்தாலும் இல்லன்னுதான் சொல்லுவாங்க. உங்களுக்குக் கூச்சமா இருந்தா வேற தொழில் பாருங்க" என்று ஒருவரைக் கண்கலங்கவே வைத்திருக்கிறாள். அன்றைக்கு அவளே பையை மூடினாள். டிஸ்க்தான் கொஞ்சம் பிசகியிருக்கிறது என்று சொல்லி, வலி மாத்திரையைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் புதன்கிழமை. காலையிலும் சாயங்காலமும் "எப்படி இருக்கு மாமா?" என்று அறை வாசலில் நின்றபடி விசாரித்தாள். "பரவாயில்லம்மா" என்றார். அது பொய்யுமில்லை, வலி குறைந்துதான் இருந்தது. பக்கத்தில் வைத்த தண்ணீர்ச் செம்பு வைத்தது வைத்தபடி இருந்தது. "தண்ணி நிறையக் குடிங்க மாமா" என்று மட்டும் சொன்னாள். குடித்தால் போயாக வேண்டுமே என்று அந்த மனிதர் தாகத்தை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்பது அவள் புத்தியில் ஏறவில்லை.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, மருத்துவமனையில் அவளுக்கு எதிரே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். முதுகு வலி. பக்கத்து நாற்காலியில் அவருடைய மருமகள், மடியில் ஃபைலோடு. நான்கு கேள்விகள் முடிந்தன. டாக்டர் பேனாவைக் கீழே வைத்து ஐந்தாவதைத் தொடங்கியதுமே, "இல்ல, இல்ல, அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று பெரியவர் அவசரமாகத் தலையாட்டினார். கண் மருமகள் பக்கம் ஒரு தடவை போய் வந்தது.

இந்தப் பார்வையை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். "நீங்க கொஞ்சம் வெளியில இருங்கம்மா" என்றாள்.

"நான்தானே டாக்டர் இவரை எல்லாம் பார்த்துக்கறேன். எனக்குத் தெரியாததா?" அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ரெண்டே நிமிஷம்."

கதவு சாத்தியதும் டாக்டர் மறுபடியும் கேட்டாள். பெரியவர் சிரித்தார். "நிஜமாவே ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் போகுது, எல்லாம் தெரியுது. ஆனா அப்படியே இருந்தாலும் அவ முன்னாடி சொல்லுவேனா? உசுரு போனாலும் சொல்லமாட்டேன்."

செவ்வாய்க்கிழமை அந்த அறையிலிருந்து வெளியே அனுப்பியிருக்க வேண்டிய ஆள் அவளேதான். இரண்டு காலிலும் வலி. இரண்டு கணுக்காலும் துள்ளவில்லை. தொடாத தண்ணீர்ச் செம்பு. தனித்தனியாகக் கிடந்ததெல்லாம் ஒன்று சேர்ந்தது. பெரியவரிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, திரைக்குப் பின்னால் போய் வீட்டுக்குத் தொலைபேசினாள். இரண்டு தடவை தப்பு எண் போட்டாள்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும். ஒண்ணுக்குப் போனீங்களா?"

முகம் தெரியாமல் இருந்ததால்தான் அவளால் கேட்க முடிந்தது. அதே காரணத்தால்தான் அவரும் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

"நேத்து கொஞ்சம் கொஞ்சமாப் போச்சும்மா. இன்னிக்கு வரவே இல்ல. வயிறு உப்பிக்கிடக்கு."

"உக்கார்ற இடத்துல, கழுவும்போது..."

"தெரியல. கை பட்டாலும் துணி பட்டாலும் தெரியாது போல. மரக்கட்டை மாதிரி இருக்கு."

"எப்போலேருந்து மாமா?"

"செவ்வாய்க்கிழமை. நீ பஞ்சால தொட்டுப் பார்த்தியே, அப்பவே அங்க மரத்துத்தான் இருந்துச்சு."

"ஏன் மாமா சொல்லல?"

"நீ கேக்கலையேம்மா" என்றார்.

குற்றம் சொல்கிற குரலில் அல்ல. நேரம் என்ன என்று கேட்டால் சொல்கிற குரலில் சொன்னார். டாக்டர் ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள், ஸ்கேன் அறைக்குச் சொன்னாள், கணவனைக் கூப்பிட்டு உடனே கிளம்பச் சொன்னாள். திரைக்கு இந்தப் பக்கம் வந்து பெரியவருக்குப் பயிற்சித் தாளையும் எழுதிக் கொடுத்தாள். எப்படி எழுதினாள் என்று பிறகு யோசித்துப் பார்த்தும் நினைவு வரவில்லை.

ஸ்கேன் படத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. அடிமுதுகில் டிஸ்க் பிதுங்கி, நரம்புகள் போகிற வழியை அடியோடு அடைத்திருந்தது. குழாய் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் சிறுநீர் வடிந்தது. மதியம் ஒரு மணிக்குச் சர்ஜன் வந்தார். இவளோடு படித்தவர், வேண்டாத பேச்சு ஒன்றும் பேசமாட்டார். பரிசோதனைக்காகத் திரையை இழுத்தபோது அவள் வெளியே நின்றாள். திரை விலகியதும் உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். நர்ஸ் கேஸ் ஷீட்டும் பேனாவுமாக இருந்தாள்.

"ஐயா, எப்போலேருந்து மரத்திருக்கு?" என்று சர்ஜன் கேட்டார்.

மாமனார் மருமகளை ஒரு தடவை பார்த்தார். பிறகு சர்ஜனைப் பார்த்து, "இன்னிக்குக் காலையிலதான்" என்றார். குரலில் பிசிறே இல்லை.

"செவ்வாய்க்கிழமை?"

"அன்னிக்கு வலி மட்டும்தான். இவ நல்லாப் பார்த்தா. எல்லாம் கேட்டா. அப்போ ஒண்ணுமே இல்ல."

சர்ஜன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அப்போ நமக்கு நேரம் இருக்கு. தியேட்டர்ல ஒரு இடுப்பு எலும்பு ஆபரேஷன் பாதியில நிக்குது, அடுத்து ரெண்டு பேர் காத்திருக்காங்க. இவரை நாளைக்குக் காலையில முதல் ஆளா எடுத்துடறேன்."

நர்ஸின் பேனா 'இன்று காலை' என்று எழுத ஆரம்பித்தது.

டாக்டருக்குப் புரிந்தது. அந்த மனிதர் அவளைக் காப்பாற்றுகிறார். இந்தக் கட்டடத்தில் மருமகளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. வீட்டில் இருந்த கிழவனையே பார்க்கத் தெரியாதவள் என்று நாளைக்கு யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாது. அதற்காகத் தன் முதுகை நாளை காலை வரைக்கும் ஒத்திப்போட்டுவிட்டார். ஒத்திப்போட்டது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

தெரிந்தும் அவள் உடனே பேசவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். நர்ஸின் முகம், வாசலில் நின்ற இரண்டு இளம் டாக்டர்கள், அதில் ஒருவர் அவளிடம் திட்டு வாங்கிக் கண்கலங்கினவர். இவர்கள் முன்னாலா என்று ஒரு கணம் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் தடவையும் அதே இடத்தில் அதே கூச்சம். அந்த ஒரு கணத்துக்காக அவள் தன்னைப் பிற்பாடு மன்னிக்கவே இல்லை.

"இல்ல," என்றாள். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கே மரத்திருந்துச்சு. ரெண்டு கால்லயும் வலி இருந்துச்சு. கணுக்கால் ரிஃப்ளெக்ஸ் ரெண்டும் இல்ல, அதை வயசுன்னு விட்டுட்டேன். ஒண்ணுக்கு விஷயத்தை நான் கேக்கவே இல்ல."

"அவ பதட்டத்துல பேசறா சார். அவ சொல்றதை எழுதாதீங்க..."

"மாமா, நீங்க சும்மா இருங்க!"

பதினாறு வருஷத்தில் அவரிடம் அவள் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. சர்ஜன் அவளை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது அவளுக்கு, அவர் திட்டவில்லை. "காலைன்னு எழுதினதை அடிச்சிடுங்க சிஸ்டர். நாற்பத்திமூணு மணி நேரம்னு எழுதுங்க" என்றார். அங்கேயே நின்று தியேட்டருக்குத் தொலைபேசினார். காத்திருந்த இருவரைத் தள்ளிவைத்து, இரண்டரை மணிக்கு மாமனாரை உள்ளே எடுத்துப் போனார்கள்.

தள்ளுவண்டி நகரும்போது அவர் அவளைப் பார்த்து, "எதுக்கும்மா சொன்னே? நானே சமாளிச்சிருப்பேன்ல" என்றார். நின்றுபோன லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்து நாற்பது வருஷம் இப்படித்தான் பேசியிருப்பார்.

கணவன் வந்து சேர்ந்தபோது அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். "எங்கிட்டேயும் சொல்லியிருக்கமாட்டார்" என்றான் அவன். ஆறுதலுக்காகத்தான் சொன்னான். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவனுக்கு அது கேட்கத் தெரியாத கேள்வி. இவளுக்கோ தினமும் வருகிறவர்களிடம் கேட்கிற கேள்வி. அந்த ஆறுதல் அவளிடம் எடுபடவில்லை.

கால்கள் பிழைத்தன. நான்காம் நாள் பிடித்துக்கொண்டு நின்றார், பத்தாம் நாள் தாழ்வாரத்தில் நடந்தார். தொடையின் உள்பக்கம் கொஞ்சம் உணர்ச்சி திரும்பியது. குழாயை எடுத்துவிட்டு ஆறு மணி நேரம் காத்திருந்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை. மறுபடி போட்டார்கள். மூன்று வாரம் கழித்து எடுத்தார்கள், மறுபடி போட்டார்கள். ஆறு வாரத்தில் சர்ஜன், இனி நிரந்தரக் குழாய் வேண்டாம், மெல்லிய குழாய் ஒன்றை ஒரு நாளைக்கு நான்கு தடவை அவரே போட்டு எடுக்கப் பழகட்டும் என்றார். நர்ஸ் ஒரு தடவை செய்து காட்டினாள். வீட்டுக்கு வந்ததும் மகன் உதவப் போனான். ஐந்தே நிமிஷத்தில் முகம் வெளுத்து வெளியே வந்து, பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டான்.

"அம்மா, இங்க வா" என்று மாமனார் கூப்பிட்டார்.

உள்ளே போனாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். பிரிக்காத குழாய்ப் பொட்டலம் மடியில் இருந்தது. சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டும் திறந்திருந்தன. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"உன்னை ஒண்ணு கேக்கணும். மருமகளாச் சொல்லாதே. இது எனக்குத் திரும்பி வருமா?"

"கொஞ்சம் வரலாம். முழுசா வராது, மாமா."

"செவ்வாய்க்கிழமையே பண்ணியிருந்தா?"

பூசி மெழுகுவதற்கு நூறு வாக்கியம் அவளிடம் இருந்தது. "பெரும்பாலும் வந்திருக்கும்" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். ஜன்னலைப் பார்த்தார். பொட்டலத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"எனக்கும் வாய் இருந்துச்சும்மா" என்றார். "அன்னிக்கு வேற ஏதாவது இருக்கான்னு நீ கேட்டப்போ நாக்கு நுனிக்கு வந்துடுச்சு. உங்கிட்டப் போய் எப்படிச் சொல்றதுன்னு முழுங்கிட்டேன். அதுக்கு அப்புறம் நீயும் வாசல்லயே நின்னுட்டே, நானும் போர்வையைப் பிடிச்சுக்கிட்டே கிடந்துட்டேன்."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழட்டும் என்று அவர் விட்டுவிட்டார். பிறகு பொட்டலத்தை அவள் பக்கம் நீட்டினார்.

"அந்த நர்ஸ் ரொம்ப வேகமாச் சொல்லுது. இவன் கண்ணை மூடிக்கிறான். நீயே சொல்லிக் குடு."

அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஸ்டூலை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"முதல்ல கையைக் கழுவணும், மாமா" என்றாள்.